பிக்கப்பைக் கடைசியில் வாங்குங்கள்: ஜாஸ் கிட்டார் ஒலி பற்றிய கேள்வி பதில்

ஜார்ஜ்டவுன் வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து நண்பர்களின் கிட்டார்களுக்குப் பற்றவைப்பு வேலை செய்பவன் நான். கடை வைத்திருப்பவன் அல்லன். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருளான பிக்கப்பை விற்று எனக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. ஜாஸுக்கு ஏற்ற கனிந்த ஒலி பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒருவர்: அண்ணா, இரண்டு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) வைத்த கிட்டார் என்னுடையது. ஒலி காதைக் குத்துகிறது. 800 வெள்ளிக்குப் புதிய பிக்கப் வாங்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. என்ன கம்பி மாட்டியிருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லை. நானும் ஒரே ஆண்டில் மூன்று பிக்கப் மாற்றிப் பார்த்தவன்தான். கடைசியில் ஒலியைத் திருத்தியது 0.012 அங்குலத்தில் தொடங்கும் தட்டைச் சுற்றுக் கம்பி, அதாவது மேலே தட்டை நாடா சுற்றிய வழவழப்பான கம்பி. அதை மாட்டுங்கள். கழுத்துப் பக்கப் பிக்கப்பை மட்டும் வைத்துக்கொண்டு, வால்யூமை 8-இலும் டோனை 5-இலும் நிறுத்துங்கள். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பிக்கப்பைக் கீழே இறக்குங்கள்: கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தும்போது இடைவெளி 3 மில்லிமீட்டர் இருக்கட்டும், தடித்த கம்பிகளின் பக்கம் இன்னும் சற்றுக் கூடுதலாக. இவ்வளவும் செய்தபின் குத்தினால் மறுபடியும் எழுதுங்கள். ஜாஸ் கிட்டார் மேதை வெஸ் மான்ட்கோமரி பிக் (மீட்டும் சிறு தகடு) இல்லாமல் கட்டைவிரலால் மீட்டியவர் என்பதையும் மறக்க வேண்டாம். அந்த ஒலியில் பாதி விரலின் சதையில் இருக்கிறது.

பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர்: ஒற்றைச் சுருள் பி-90 பிக்கப் நல்லதா, ஹம்பக்கர் நல்லதா?

இ.எஸ்.-175 என்ற ஒரே கிட்டாரில் இரண்டையும் கேட்கலாம். அமெரிக்க கிட்டார் நிறுவனமான கிப்சன் அதை 1949-இல் பி-90 பிக்கப்போடு கொண்டுவந்தது. 1957-இல் ஹம்பக்கருக்கு மாற்றியது. ஜாஸ் கலைஞர் ஜிம் ஹாலின் இ.எஸ்.-175-இல் இருந்தது பி-90. இன்னொரு ஜாஸ் கலைஞர் ஜோ பாஸ் வாசித்ததில் ஹம்பக்கர். முதலாமவரிடம் ஒவ்வொரு சுரத்தின் விளிம்பும் தெரியும். இரண்டாமவரிடம் விளிம்புகள் கரைந்து ஒலி உருண்டு வரும்.

காரணம் எளியது. பி-90-இல் ஒரே சுருள். கம்பியின் அதிர்வோடு சுவரில் ஓடும் மின்சாரத்தின் உறுமலையும் அது சேர்த்தே பிடிக்கும். கிப்சனின் பொறியாளர் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள். காந்த முனைகளும் சுருளின் திசையும் எதிரெதிர். உறுமல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, கம்பியின் ஒலி மட்டும் கூடும். ஆனால் இரண்டு சுருள்களும் கம்பியை இரண்டு இடங்களில் கேட்பதால் மேல்சுரங்களில் சிறிது தேய்ந்துவிடும். அந்தத் தேய்மானத்தைத்தான் கனிவு என்கிறோம்.

என் விருப்பம் பி-90. ஆனால் பழைய கடைவீட்டு மாடியில், மங்கலாக்கும் சுவிட்ச் போட்ட விளக்குகளுக்கு அடியில் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் ஹம்பக்கரே நிம்மதி. எதை வாங்கினாலும் சுருளின் மின்தடை 7 முதல் 8.5 கிலோ ஓம் வரை உள்ளதைப் பாருங்கள். 15, 16 என்று பெருமை பேசும் பிக்கப்புகள் ராக் வாசிப்பவர்களுக்கு.

செந்தூலிலிருந்து ஒருவர்: ஜாலான் பாசாரில் பாகங்கள் வாங்கப் போகிறேன். 250 கிலோ ஓம் பாட்டா, 500-ஆ? எண்ணெய்த் தாள் கப்பாசிட்டர் ஒலியை இனிமையாக்கும் என்கிறார்களே?

பாட் என்பது வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை. ஹம்பக்கருக்கு 500. 250 போட்டால் பிக்கப்பின் உச்சம் மழுங்கும். கனிவு என்று அதைத் தேடிப் போட்டவர்கள் பிறகு மந்தமாகிவிட்டது என்று என்னிடமே கொண்டுவருகிறார்கள். மிகுதியாக உள்ள கூர்மையை டோன் குமிழால் குறைக்கலாம்; இல்லாததை எந்தக் குமிழாலும் கூட்ட முடியாது.

டோன் குமிழோடு சேரும் கப்பாசிட்டர் 0.022 மைக்ரோஃபாரட் போதும். 0.047 போட்டால் டோனைக் குறைக்கும்போது சீக்கிரமே மூழ்கிவிடும். எண்ணெய்த் தாளுக்குக் கொடுக்கும் காசில் இரண்டு பேர் வயிறார நாசி கண்டார் சாப்பிடலாம். மதிப்பு ஒன்றாக இருந்தால் சில காசு விலையுள்ள பாலியெஸ்டரும் அதே வேலையைத்தான் செய்யும்.

பாயான் லெப்பாஸிலிருந்து ஒருவர்: வால்யூமைக் குறைத்தால் ஒலி போர்வைக்குள் போய்விடுகிறது.

குற்றவாளி உங்கள் கேபிள். அதன் கொள்ளளவும் பாதி திருப்பிய பாட்டின் மின்தடையும் சேர்ந்து மேல்சுரங்களை வடிகட்டிவிடுகின்றன. 6 மீட்டர் கேபிளை 3 மீட்டராக்கிப் பாருங்கள். போதவில்லை என்றால், டோன் இணைப்பை வால்யூம் பாட்டின் உள்வரும் காலிலிருந்து கழற்றி நடுக்காலில் பற்றவையுங்கள். 1950-களின் கிப்சன் வயரிங் இதுதான். ஒரே ஒரு கம்பி மாற்றம், பத்து நிமிட வேலை. ஜாஸ்காரர்கள் வால்யூமை முழுதாகத் திறப்பதில்லை என்பதால் இந்த ஒன்றை எல்லோருக்கும் சொல்வேன்.

அம்பாங்கிலிருந்து ஒருவர்: ஆர்ச்டாப் கிட்டாருக்கு (மேல்பலகை வளைந்த, உள்ளே கூடுள்ளது) பிக்கப் பொருத்தினேன். மெல்லிய இரண்டு கம்பிகள் மட்டும் கத்துகின்றன.

வெண்கலச் சுற்றுக் கம்பிதானே? வெண்கலத்தைக் காந்தம் அறியாது. உள்ளே இருக்கும் எஃகு மட்டுமே கேட்கும். நிக்கல் சுற்றுக்கு மாறுங்கள்.

ஆயர் ஈத்தாமிலிருந்து ஒருவர்: கம்பியைத் தொட்டால் உறுமல் நிற்கிறது. பழுதா?

இல்லை, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் தரைக்கம்பி (எர்த்) ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். தொட்டால் கூடினால்தான் திறந்து பார்க்க வேண்டும். உறுமலை நிறுத்துகிறேன் என்று ஆம்ப்ளிஃபயரின் மூன்று முள் பிளக்கில் எர்த்தை மட்டும் துண்டிக்காதீர்கள். உயிர் போகும்.

கெப்போங்கிலிருந்து ஒருவர்: என்னிடம் கூடில்லாத கட்டை மர கிட்டாரான டெலிகாஸ்டர்தான் இருக்கிறது. இதில் ஜாஸ் வாசித்தால் சிரிப்பார்களா?

கனடாவின் ஜாஸ் கலைஞர் எட் பிக்கர்ட் வாசித்தது டெலிகாஸ்டர்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பெரிய கூடுள்ள கிட்டார் என்றே சொல்வீர்கள். கழுத்துப் பக்கம் பின்னாளில் ஹம்பக்கர் மாற்றிக்கொண்டார். நீங்களும் மாற்றலாம், மரத்தைச் சற்றுக் குடைய வேண்டியிருக்கும். அதற்குமுன் தட்டைக் கம்பி மாட்டி ஒரு மாதம் வாசியுங்கள். அப்படிச் சொல்லி அனுப்பியவர்களில் பாதிப் பேர் மரத்தைக் குடைய என்னிடம் திரும்பி வரவே இல்லை.