தங்கச்சி, அந்தப் படத்தில அடி இல்லாததுக்குக் காரணம் இருக்கு

உங்கட கேள்வியை ரெண்டு தரம் வாசிச்சனான். பலெர்மோவுக்கு வந்து எட்டு மாசம், பின்னேர இத்தாலியன் வகுப்பில டீச்சர் பதினைஞ்சு நிமிசக் குறும்படம் ஒண்டு போட்டவா, பொம்பிளையளுக்கு எதிரான வன்முறை பற்றினதெண்டு சொன்னவா, ஆனா முழுக்கப் பாத்தும் ஒரு அடிகூட இல்லை, கடைசியில அந்த மனிசி பொலிஸ் கவுண்டரில தன்ர பேரைச் சொல்லுறதோட முடியுது, பக்கத்தில இருந்த மொரொக்கோப் பிள்ளை அழுகுது, டீச்சரும் கண்ணைத் துடைக்கிறா, உங்களுக்கு மட்டும் ஒண்டும் விளங்கேல்லை. "பேர் சொல்லுறதில என்ன இருக்கு அக்கா? நவம்பர் 25, பொம்பிளையளுக்கு எதிரான வன்முறையை எதிர்க்கிற நாள், அந்த ஊர்வலத்துக்கு வரட்டாம், வீட்டுத் திறப்பும் கொண்டு வரட்டாம், மாமி சொல்லுறா உது வெள்ளைக்காரரின்ர பிரச்சினை எண்டு. போகலாமோ?" இதுதானே கேட்டது.

முதல்ல பேர்.

நான் 1997 இல வந்தனான். வந்து ரெண்டாம் மாசம் ரத்தம் குடுக்கப் போய் கதிரையில இருக்கிறன். நம்பர் துண்டு ஒண்டும் இல்லை, நர்ஸ் வந்து பேரைக் கூப்பிடுவா. எனக்குப் பிறகு வந்த சனமெல்லாம் போகுது, என்னை மட்டும் கூப்பிடுறதாத் தெரியேல்லை, அவா ஒரு பேரைத்தான் திருப்பித் திருப்பிக் கத்துறா, "காந்தாசாமீ, காந்தாசாமீ" எண்டு. ஒரு மணித்தியாலம் கழிச்சுத்தான் தலையில ஏறிச்சு, அவா கூப்பிடுறது என்ர அப்பாவை. பாஸ்போட்டில சர்நேம் எண்ட இடத்தில அவற்ற பேர்தானே இருக்கு. அப்பா செத்து அப்ப நாலு வருசம். பொய் சொல்லேல்லை தங்கச்சி, அந்தாள் எங்கயும் வந்து நிக்கிறாரோ எண்டு ஒருக்கா வாசல் பக்கம் திரும்பிப் பாத்தனான்.

ஊரில நான் கந்தசாமியற்ற மூத்தவள், கலியாணம் கட்டினாப் பிறகு இன்னாரின்ர மனிசி, பிள்ளை பிறந்தாப் பிறகு நிரோ அம்மா. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாட்டி காதுக்கும் அது பழக்கம் விட்டுப்போகும். இஞ்ச அப்பிடியில்லை. 1975 இல குடும்பச் சட்டத்தை மாத்தினதிலயிருந்து கலியாணம் கட்டினாலும் பொம்பிளையின்ர குடும்பப்பேர் அவவோடயே இருக்கும், புருசன்ர பேரை வேணுமெண்டாச் சேத்துக்கொள்ளலாம், ஆனா அடையாள அட்டை, ஹெல்த் காட் எல்லாம் பிறந்த பேரிலதான் வரும். கோதிச்சே ஃபிஸ்காலே, அதுதான் உங்கட வரி நம்பர், அதின்ர பதினாறு எழுத்தையும் ஒருக்கா வடிவாப் பாருங்கோ. பொம்பிளையள் எண்டா பிறந்த திகதியோட நாப்பதைக் கூட்டிப் போடுவாங்கள். நான் 12ஆம் திகதி பிறந்தனான், என்ரதில 52 எண்டு இருக்கு. பிழையா அடிச்சுப்போட்டாங்கள் எண்டு சண்டைபிடிக்கப் போய் கந்தோர்ப் பெடியனிட்ட அசடு வழிஞ்சது வேற கதை.

இனிப் படம். நான் பாக்கேல்லை, நீங்கள் எழுதினதை வச்சுத்தான் சொல்லுறன். பாருக்குள்ள அவளைக் கேக்காமலே அவன் கோப்பி ஓடர் பண்ணுறான், நீங்கள் அதை "நல்ல மனிசன், கோப்பியெல்லாம் வாங்கிக் குடுக்கிறான்" எண்டு எழுதியிருக்கிறியள், நான் கொஞ்ச நேரம் சிரிச்சனான், பிறகு சிரிப்பு வரேல்லை. டொக்டர் அவளிட்டக் கேள்வி கேக்கிறார், அவன் பதில் சொல்லுறான். ஃபோன் அவன்ர பொக்கெற்றில. சம்பளம் அவன்ர கணக்கில. அவளை அந்தப் படத்தில ஆராவது பேர் சொல்லிக் கூப்பிட்டவையோ? நீங்கள் எழுதினதில அந்தப் பேரே இல்லை, முழுக்க "அந்த மனிசி" எண்டுதான் இருக்கு. படம் எடுத்தவைக்கு வேண்டினது அதுதான். அடியைக் காட்டினா பாக்கிற ஆம்பிளை "நான் அடிக்கிறேல்லை, நான் நல்லவன்" எண்டு எழும்பிப் போயிடுவான். கோப்பியைக் காட்டினா இருந்து யோசிப்பான். கடைசியில பொலிஸ்காரி பேர் கேக்கேக்க அவள் உடன சொல்லாமல் நிண்டவள் எண்டும் எழுதியிருக்கிறியள். எனக்கு அந்த ரத்தம் குடுக்கப்போன கதிரைதான் ஞாபகம் வந்தது.

மாமியின்ர கதைக்கு வாறன். வெள்ளைக்காரரின்ர பிரச்சினையாம். மாமி இருக்கிற இடத்திலயிருந்து அம்பது கிலோமீற்றர் வராது அல்காமோ. அங்க ஃப்ராங்கா வியோலா எண்டு பதினேழு வயசுப் பெட்டை, கமக்காரக் குடும்பம். 1965 டிசம்பர் 26, நத்தாருக்கு அடுத்த நாள், முந்திப் பேசி வச்சுக் குழம்பின ஒருத்தன் துவக்குக்காரரோட வீடு புகுந்து தூக்கிக்கொண்டு போட்டான். எட்டு நாள் வச்சிருந்தவன். அந்தக் காலத்துச் சட்டம் என்னெண்டா, கெடுத்தவனே கட்டினாக் குற்றம் இல்லை. பேர் மத்ரிமோனியோ ரிப்பராத்தோரே, பழுதுபாக்கிற கலியாணம். ஊரே சொன்னது கட்டு, இல்லாட்டி ஆர் உன்னைக் கட்டுவான், குடும்பமானம் என்னாகிறது எண்டு. கேட்ட குரல் மாதிரி இல்லையோ? அவள் மாட்டனெண்டாள், தேப்பனும் பக்கத்தில நிண்டார், கேஸ் நடந்து அவனுக்குப் பதினொரு வருசம். அவன்ர பக்கம் இது ஃபுயித்தீனா, அதாவது எங்கட "கூட்டிக்கொண்டு ஓடுறது", விரும்பித்தான் வந்தவள் எண்டு வாதாடிப் பாத்தவங்கள், எடுபடேல்லை.

அதுக்குப் பிறகும் அந்தச் சட்டத்தை எடுக்க 1981 மட்டும் போச்சு. மானத்துக்காகக் கொலை செய்தா மூண்டிலயிருந்து ஏழு வருசம்தான் எண்ட சட்டமும் அதோடதான் போனது. பலாத்காரத்தை ஒழுக்கத்துக்கு எதிரான குற்றமா வச்சிருந்ததை மாத்தி, ஒரு ஆளுக்கு எதிரான குற்றமா எழுதினது 1996, நான் வாறதுக்கு முதல் வருசம். நான் வேலை செய்த வீட்டுச் சிஞோரா அல்காமோப் பக்கம், இந்தக் கதையை எனக்குச் சொன்னது அவாதான், சட்டியை மினுக்கிக்கொண்டே, தன்ர தாயும் அண்டைக்கு "கட்டியிருக்கலாம்" எண்டுதான் சொன்னவா எண்டு. அதால இவை எங்களைவிடத் திறம் எண்டு நான் சொல்ல வரேல்லை. வெக்கம், மானம், அயலட்டை என்ன சொல்லும் எல்லாம் இஞ்சயும் இருந்தது, இப்பவும் இருக்கு.

இன்னொண்டு. ஞாயிற்றுக்கிழமையில மொந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறி சாந்தா ரொசாலியா எண்ட புனிதைக்கு நேத்தி வைக்காத தமிழ்ச் சனம் பலெர்மோவில குறைவு, சைவமும் ஏறும் வேதமும் ஏறும், உங்கட மாமியும் ஏறுறவாவா இருக்கும். அந்த ரொசாலியா கலியாணம் வேண்டாமெண்டு வீட்டை விட்டுப்போய்க் குகையில இருந்தவா எண்டுதான் கதை. குயிஸ்கீனாக் குகையில "நான் ரொசாலியா, சினிபால்தோவின் மகள்" எண்டு தொடங்கி, இஞ்ச இருக்க நானே முடிவெடுத்தனான் எண்டு கல்லில வெட்டியிருக்கு, வெட்டினது அவாவேதான் எண்டு சனம் சொல்லும். வெள்ளைக்காரரின்ர புனிதை எங்களுக்கு உதவுவா, சட்டம் மட்டும் உதவாதோ எண்டு மாமியிட்டக் கேளுங்கோ. இல்லை கேக்காதேங்கோ, வீட்டில சண்டை வரும்.

திறப்பு ஏனெண்டா, 2023 நவம்பரில ஜூலியா செக்கெத்தீன் எண்டு பதுவாப் பல்கலைக்கழகத்தில படிச்ச 22 வயசுப் பிள்ளையை முந்திப் பழகின பெடியன் கொலை செய்துபோட்டான். ஒரு நிமிசம் மௌனம் வேண்டாம், சத்தம் போடுங்கோ எண்டு சனம் வெளிக்கிட்டது, கையில இருந்த திறப்புக் கோர்வையைத்தான் ஆட்டினது. நானும் நிண்டனான், ஆயிரக்கணக்கில திறப்புகள் கிலுங்குற சத்தம், கோயில் மணி மாதிரி இல்லை, அது ஒரு மாதிரியான சத்தம். பிறகு 2025 நவம்பர் 25 அண்டைக்குத்தான் பெண் எண்டதால கொல்லுறதைத் தனிக் குற்றமா, ஆயுள் தண்டனையோட பாராளுமன்றம் பாஸ் பண்ணினது.

நீங்கள் கேக்காத ஒண்டையும் சொல்லிவிடுறன், இது உங்கட மனிசனைப் பற்றி இல்லை, அவர் தங்கமான ஆளா இருக்கலாம். குடும்பமாக் கூப்பிட்டு வந்த சொஜோர்னோ, அதாவது இஞ்ச தங்கிற அனுமதி, எண்டாலும் அந்த அட்டை உங்கட பேரில. புருசன்ர பையில இல்லை, உங்கட பையில இருக்க வேணும், பாஸ்போட்டும் அப்பிடித்தான். "பிரிஞ்சா உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவாங்கள்" எண்டு எங்கட ஆக்கள் வெருட்டுறது சுத்தப் பொய். பிரிஞ்சா அதை வேலை சொஜோர்னோவா மாத்த வழி இருக்கு, வீட்டில வன்முறை எண்டா 2013 இலயிருந்து அதுக்கெண்டே தனிச் சொஜோர்னோவும் இருக்கு, சட்டப் பிரிவின்ர நம்பரை வச்சுப் பதினெட்டு பிஸ் எண்டு சொல்லுவினம். வன்முறைக்கு ஆளான பொம்பிளையள் உதவி கேக்கிற 1522 எண்ட ஃபோன் நம்பர் இருபத்திநாலு மணித்தியாலமும், காசில்லை, இங்கிலீஷிலயும் கதைக்கலாம். தமிழை எதிர்பாக்காதேங்கோ. எங்க போனாலும் மொழிபெயர்க்கச் சொந்தக்காரரை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ, நீங்கள் வீடு வர முதல் கதை பல்லரோச் சந்தைக்கு வந்திடும், எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளைக்கு அதுதான் நடந்தது.

ஊர்வலத்துக்குப் போறதும் விடுறதும் உங்கட விருப்பம். போனாச் சப்பாத்து நல்லதாப் போடுங்கோ, நவம்பரில மழை பெய்யும், எங்கட கல்லு ரோட்டு வழுக்கும். அதுசரி, வீட்டுத் திறப்பு உங்களிட்ட இருக்கோ, இல்லாட்டி மாமி வந்து திறந்துவிட்டாத்தானோ? அதை நீங்கள் எழுதேல்லை. இல்லையெண்டா மனிசனிட்ட வாங்கி ஒண்டு வெட்டுங்கோ. செருப்புத் தைக்கிற கடையளிலயே வெட்டுவாங்கள், சாதாரணத் திறப்பெண்டா ரெண்டு மூண்டு யூரோதான்.