கடலுக்குப் போன பிறகும் மெயில் போகுமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் விசைப்படகு வைத்திருக்கிறேன், நானும் தொழிலுக்குப் போகிறேன். காலையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக் கிளம்பினால் மறுநாள்தான் கரை. அதற்கு முந்தின நடை கடலுக்குப் போய்வந்ததற்கான பில், நண்டு எடுக்கும் கம்பெனிக்கு மறுநாள் காலை 10 மணிக்குள் மெயிலில் கிடைக்க வேண்டும். முந்தின நாளே அனுப்பினால் மற்ற மெயில்களுக்கு அடியில் போய்விட்டது என்கிறார்கள். ஜிமெயிலில் நேரம் குறித்து வைத்தால், நடுக்கடலில் சிக்னல் இல்லாவிட்டாலும் போகுமா?

பதில்: போகும். போன் அணைந்து கிடந்தாலும் போகும். நேரம் குறித்த மெயில் காத்திருப்பது உங்கள் போனில் அல்ல, கூகுளின் சர்வரில், அதாவது அவர்களுடைய கம்ப்யூட்டரில். ஆனால் அது சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். படகு கிளம்பியபின் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் எழுதி நேரம் குறித்தால், அது போனிலேயே மாட்டிக்கொள்ளும். அதனால் படகுத்துறையில் நிற்கும்போதே, முடிந்தால் முந்தின இரவு வீட்டிலேயே, வேலையை முடித்துவிடுங்கள்.

மெயிலை எழுதி பில்லை இணைத்தபின், மேலே வலது ஓரத்து மூன்று புள்ளியைத் தொட்டால் 'ஷெட்யூல் சென்ட்' வரும். நாளைக் காலை 8 மணி என்பதுபோல ஜிமெயிலே சில நேரங்களைக் காட்டும். வேண்டாமென்றால் தேதியும் மணியும் நீங்களே போடலாம். ஏஎம், பிஎம் பார்த்துப் போடுங்கள். குறித்த மணிக்குச் சில நிமிடம் தள்ளியும் போகலாம் என்பதால் 10 மணிக் கெடுவுக்கு 9.30 என்று வைப்பதே நல்லது. அப்புறம் இடப்பக்கப் பட்டியலில் 'ஷெட்யூல்டு' என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அதே கணக்கைத் திறந்து அங்கேயும் அந்த மெயில் தெரிந்தால், சர்வருக்குப் போய்விட்டது என்று நம்பிக் கிளம்பலாம்.

கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் மெயில் புரோகிராமான அவுட்லுக்கின் பழைய வடிவத்தை வைத்து அதில் ஜிமெயில் கணக்கைப் பயன்படுத்துபவர்களுக்கு இது பொருந்தாது. அதில் தாமதமாக அனுப்பச் சொன்னால், குறித்த நேரத்தில் கம்ப்யூட்டரும் அவுட்லுக்கும் திறந்திருக்க வேண்டும். கரண்ட் போனால் மெயிலும் நிற்கும்.

தனுஷ்கோடிப் பக்கம் போனில் இலங்கை நெட்வொர்க் ஏறிவிடுகிறதே, மணி மாறிவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. மாறாது. 2006 முதல் இரண்டு நாட்டுக்கும் ஒரே மணிதான். அங்கே பார்க்க வேண்டியது ரோமிங் காசை. கீழக்கரையிலிருந்து துபாய்க்கு எழுதுபவர்கள்தான் கணக்குப் போட வேண்டும். அங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது; காலை 9 மணிக்கு அவர்கள் கையில் கிடைக்க, இங்கே 10.30 என்று குறிக்க வேண்டும்.

எதைக் குறித்து வைக்கலாம் என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் கண்டிப்பு உண்டு. முடிந்துபோன நடையின் பில், லைசன்ஸ் நகல், பேங்க் விவரம் எல்லாம் வைக்கலாம். நண்டு விலையை மட்டும் வைக்காதீர்கள். இரவோடு இரவாக விலை இறங்கினாலும், கம்பெனிக்காரர் "சரக்கு வேண்டாம்" என்று மாலையே எழுதியிருந்தாலும், குறித்த மெயில் அதையெல்லாம் பார்க்காது. எழுதியது எழுதியபடி போய் நிற்கும்.

இதற்காகவாவது கரையில் ஒருவர் கையில் அந்தக் கணக்கு திறந்திருக்கட்டும். வீட்டிலோ, பில் போடும் தம்பியிடமோ இருந்தால், 'ஷெட்யூல்டு' பகுதியில் அந்த மெயிலைத் திறந்து 'கேன்சல் சென்ட்' கொடுத்துவிடலாம். கொடுத்ததும் அது டிராப்டாகத் திரும்பிவிடும், தானாக மறுபடி கிளம்பாது. திருத்திய பிறகு புதிதாக நேரம் குறிக்க வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.