கஷ்டத்தை எழுதக் கூச்சப்படாதே: கம்யூனிட்டி காலேஜ் கேள்விக்கு என் பதில்

அப்பா, அம்மா, தம்பியோடு கிரீன் கார்டில் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் வந்து நாலு மாதம் ஆகிறது, பெரியப்பா வீட்டில் இருக்கிறோம் என்று எழுதியிருக்கிறாய். திருநெல்வேலியில் பி.எஸ்சி. முதல் வருஷத்தோடு படிப்பு நின்றுவிட்டது, இப்போது மளிகைக்கடையில் பில் போடுகிறாய். கம்யூனிட்டி காலேஜில், அதாவது இங்கே உள்ள இரண்டு வருஷ அரசுக் கல்லூரியில், ஸ்காலர்ஷிப் கிடைக்குமா, அதற்குச் சமூக சேவை செய்திருக்க வேண்டுமாமே, வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் எழுதித்தான் ஆக வேண்டுமா என்று கேட்கிறாய். கூடவே பழைய கார், வாடகை, எந்த ஊர் மலிவு என்று ஐந்தாறு கேள்விகள். காருக்கும் வாடகைக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், பெரியப்பாவையே கேட்டுக்கொள். காலேஜ் விஷயத்துக்காகத்தான் நான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதே கேள்விகளை யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு நான் இரண்டு வருஷத்தைத் தொலைத்தவள்.

நாங்கள் 2010இல் வந்தோம். நாத்தனார் போட்ட மனு, வருஷக்கணக்கில் காத்திருந்து கிடைத்த விசா. கோவில்பட்டியில் நானும் உன்னைப்போல பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவள்தான், கல்யாணம் ஆகிவிட்டது. இங்கே அவருக்குப் பெட்ரோல் பங்கில் ராத்திரி வேலை, எனக்கு ஒரு வீட்டில் குழந்தை பார்க்கும் வேலை. நர்ஸிங் படிக்க ஆசை என்று ஒரு பொங்கல் விழாவில் வாய்விட்டுச் சொன்னேன். பெரிய கம்பெனியில் இருப்பவர் ஒருவர், "கம்யூனிட்டி காலேஜா? அது எங்கேயும் இடம் கிடைக்காதவங்க போற இடமாச்சே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இரண்டு வருஷம் சும்மா இருந்தேன். அதே மனிதரின் மகன் பின்னால் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்துதான் டேவிஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினான். அதை அவர் எந்த விழாவிலும் சொல்லிக் கேட்டதில்லை. நம் ஆட்களிடம் எனக்குப் பெரிய வருத்தமே இதுதான். தன் பிள்ளைக்குச் செய்ததை அடுத்தவர் பிள்ளைக்குச் சொல்ல மாட்டார்கள்.

இந்தக் காலேஜ்கள் நேற்று முளைத்தவை இல்லை. இல்லினாய்ஸ் ஜோலியட்டில் 1901இலேயே முதலாவது தொடங்கிவிட்டது. கலிஃபோர்னியாவில் மட்டும் 116 இருக்கின்றன. உனக்குப் பக்கத்து ஊரான ஹேவர்டில் இருக்கும் ஷபோ கல்லூரியில் படித்தவர்தான் டாம் ஹாங்க்ஸ். இங்கே வசிப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் கணக்கு அது) 46 டாலர் கட்டணம். இரண்டு வருஷப் படிப்புக்கு 60 யூனிட் என்று வைத்தால் 2,760 டாலர், வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அதையும் தள்ளுபடி செய்வார்கள். நல்ல மதிப்பெண் எடுத்தால் மீதிப் படிப்புக்கு டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யுசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) வளாகங்களில் ஒன்றில் இடம் உறுதி என்று முன்கூட்டியே எழுதி வாங்கலாம். பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலிஸும் சான் டியேகோவும் இந்த ஏற்பாட்டில் இல்லை, அங்கே போட்டியில்தான் இடம் பிடிக்க வேண்டும்.

இனி எச்சரிக்கைகள். பொறுமையாகப் படி.

"இங்கே வசிப்பவர்" என்று நான் சொன்னது நீ இன்னும் ஆகவில்லை. கிரீன் கார்டு கையில் இருந்தாலும், டெர்ம் தொடங்குவதற்கு முன்னால் கலிஃபோர்னியாவில் ஒரு வருஷமும் ஒரு நாளும் முடிந்திருக்க வேண்டும். அதற்குள் சேர்ந்தால் கட்டணம் பல மடங்கு. இருக்கும் மாதங்களை வீணாக்காதே. அடல்ட் ஸ்கூலில் ஆங்கில வகுப்பு இலவசம், அங்கே போ. டிரைவிங் லைசென்ஸ், வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, மாநில வரித் தாக்கல் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வை. பெரியப்பா வீட்டு முகவரியில் உன் பேருக்கு வரும் ஒரு கடிதத்தைக்கூடக் கிழிக்காதே.

மத்திய அரசின் உதவிக்கு இந்த ஒரு வருஷக் கணக்கு கிடையாது. ஃபாஃப்சா என்ற படிவத்தை நிரப்பினால் பெல் கிராண்ட் கிடைக்கும். திருப்பிக் கட்ட வேண்டாத பணம் அது, 2023-24 முதல் வருஷத்துக்கு அதிகபட்சம் 7,395 டாலர். கிரீன் கார்டு உள்ளவர்கள் சட்டப்படியே தகுதி உள்ளவர்கள், யாருடைய தயவும் தேவையில்லை. உனக்கு 24 வயது ஆகாததால் அப்பா அம்மா வருமானம் கேட்பார்கள், அதுவும் இரண்டு வருஷத்துக்கு முந்தைய வருமானம். அப்போது ஊரில் அப்பா சம்பாதித்ததை டாலராக மாற்றி உள்ளபடி எழுது. கலிஃபோர்னியா மாநில உதவிக்கு மார்ச் 2 கடைசி நாள். கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு மட்டும் செப்டம்பர் 2 என்று இன்னொரு வாய்ப்பு உண்டு. அதை நம்பி இருந்துவிடாதே.

ஃபாஃப்சா படிவத்தை நிரப்பக் கட்டணம் கிடையாது. "நான் நிரப்பித் தருகிறேன், ஸ்காலர்ஷிப் கேரண்டி" என்று முந்நூறு டாலர் கேட்பவர் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும் எழுந்து வந்துவிடு. ஊரில் டிகிரி முடித்துவிட்டு அதை மறைத்து பெல் வாங்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பட்டம் முடித்தவர்களுக்கு பெல் கிடையாது, எந்த நாட்டில் முடித்திருந்தாலும் சரி. நீ முடிக்கவில்லை, அதனால் உனக்குச் சிக்கல் இல்லை. ஆனால் அரசாங்கப் படிவத்தில் பொய் எழுதி மாட்டிக்கொண்டால் நாளைக்குக் குடியுரிமைக்கு மனு போடும்போதும் அது வந்து நிற்கும்.

அடுத்தது நான் பட்டது. 2013இல் செமஸ்டர் நடுவில் அவருக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை. நான் யாரிடமும் சொல்லாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். நம் ஊரில் அப்படித்தானே, வராவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். இங்கே மூன்று பாடத்தில் எஃப், அதாவது ஃபெயில், விழுந்தது. 60 சதவீத நாட்கள் முடிவதற்குள் நின்றுவிட்டால் கிராண்ட் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதியே எனக்குத் தெரியாது. பில் வந்தது. வீட்டில் சம்பளம் இல்லாத மாதம் அது. காலேஜில் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரின் அறை வாசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டு உள்ளே போனேன். அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி, "ஏன் அன்றைக்கே வரவில்லை?" ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு மனு போட்டு அந்த எஃப்களை நீக்க எட்டு மாதம் ஆனது. உனக்கு எது நடந்தாலும் அன்றைக்கே போய்ச் சொல். வகுப்பை விடுவதற்கு முன்னால் சொல்.

அந்த அம்மாள்தான் என்னை ஈஓபிஎஸ் திட்டத்தில் சேர்த்தார். வருமானம் குறைந்த மாணவர்களுக்காக 1969 முதல் இந்த மாநிலத்தில் நடப்பது. புத்தகத்துக்கு உதவி, வகுப்புகளில் முதலில் பதிவு செய்யும் உரிமை, செமஸ்டருக்கு மூன்று முறை கவுன்சிலரைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம். அந்தக் கட்டாயம்தான் என்னைக் காப்பாற்றியது என்பேன். உன் ஒரு வருஷம் முடிந்ததும் முதல் வேலையாக அதில் சேர்.

சரி, ஸ்காலர்ஷிப்புக்கு வருகிறேன். ஒவ்வொரு காலேஜிலும் ஃபவுண்டேஷன் என்று ஒன்று இருக்கும். ஊர்க்காரர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கடைக்காரர்கள் கொடுக்கும் பணம் அங்கே சேரும். 500, 750, 1,000 டாலர் என்று சின்னச் சின்னத் தொகைகள். பெரும்பாலும் ஒரே விண்ணப்பம், ஒரு கட்டுரை. முதல் தடவை நான் எழுதிய கட்டுரையில் "கடின உழைப்பு", "விடாமுயற்சி", "கனவு" எல்லாம் இருந்தன. எழுத்துப் பயிற்சிக்கூடத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் படித்துப் பார்த்துவிட்டு, "நீங்கள் எப்போது படிக்கிறீர்கள்?" என்று கேட்டான்.

எங்களுக்கு ஒரே அறை. அவரும் மகனும் தூங்கிய பிறகு விளக்குப் போட முடியாது. அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் பெட்டியில் ஒரு சின்ன பல்பு இருக்கும் இல்லையா, அந்த வெளிச்சத்தில் உடற்கூறியல் புத்தகத்தை அடுப்பு மேடையில் விரித்து, நின்றுகொண்டே படிப்பேன். உட்கார்ந்தால் வெளிச்சம் எட்டாது. ஒரு மணிக்குப் படுக்கும்போது கணுக்கால் வீங்கியிருக்கும். புத்தகத்தின் எலும்பு மண்டலப் பக்கங்களில் மஞ்சள்தூள் கறை. இதைச் சொன்னதும் அந்தப் பையன் பேனாவை என் பக்கம் தள்ளி, "இதை எழுதுங்கள்" என்றான். எழுதும்போது மானம் போவதுபோல்தான் இருந்தது. ஆனால் 750 டாலர் கிடைத்தது. வசந்த காலத்தில் கொடையாளர்களோடு ஒரு மதிய விருந்து வைத்தார்கள். எனக்குப் பணம் கொடுத்த வயதான ஆசிரியை அந்த அடுப்பு விளக்கைப் பற்றித்தான் என்னிடம் கேட்டார்.

உன் அப்பாவுக்கு இது பிடிக்காது என்று எழுதியிருக்கிறாய். புரிகிறது, என் வீட்டிலும் பிடிக்கவில்லை. அப்பாவிடம் சொல், இதில் யாரையும் குற்றம் சொல்லி எழுதப்போவதில்லை. எந்த நேரத்தில் எழுந்தாய், எந்தப் பேருந்தில் போனாய், எதை விட்டுக்கொடுத்தாய் என்பதுதான் அவர்களுக்கு வேண்டும்.

சமூக சேவை எதுவும் செய்ததில்லை என்கிறாய். என்னோடு படித்தவர் ஒரு ஆப்கானியப் பெண், மூன்று பிள்ளைகளின் தாய். ஃப்ரீமான்ட்டில் அவர்கள் நிறையப் பேர், நீயே பார்த்திருப்பாய். அவரும் "நான் என்ன சேவை செய்தேன்" என்றுதான் அந்தப் பகுதியைக் காலியாக விட்டிருந்தார். ஆனால் வாராவாரம் இரண்டு மூன்று பெண்களோடு டாக்டரிடம் போய், டாக்டர் சொல்வதை அவர்களுடைய தாரி மொழியில் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். பிரசவ அறைக்குள்ளேகூட நின்றிருக்கிறார். அதை எழுதினார், அந்த வருஷம் எங்களில் அதிகத் தொகை வாங்கியவர் அவர்தான். இன்று அவரும் நர்ஸ். கடையில் ஆங்கிலம் தெரியாத பாட்டிகளுக்கு நீ மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்கிறாய் என்று உன் கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருக்கிறது. நீ அதைத் தாண்டிப் போய்விட்டாய், நான் தாண்டவில்லை.

இன்னொன்று, சாப்பாடு. 2022 முதல் கலிஃபோர்னியாவின் ஒவ்வொரு கம்யூனிட்டி காலேஜிலும் அடிப்படைத் தேவைகளுக்கென்று ஒரு மையம் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மளிகை, தங்க இடம் கிடைக்க உதவி, எல்லாம் அங்கே கேட்கலாம். என் காலத்தில் பக்கத்துத் தேவாலயத்தில் வியாழக்கிழமை கொடுப்பார்கள். தமிழ் ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பையைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு நடப்பேன். டப்பா பீன்ஸை என்ன செய்வதென்று தெரியாமல் வெங்காயம் தாளித்துக் கூட்டு வைத்தேன். என் மகன் இன்றும் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். இப்போது மாதம் இரண்டு வியாழன் அங்கே பொட்டலம் போடப் போகிறேன். என் பங்காக அரைக் கிலோ துவரம்பருப்புப் பொட்டலங்கள் கொண்டுபோய் வைப்பேன். தயங்கித் தயங்கி வரும் நம் ஊர் முகங்கள் அந்த மேசைக்கு வந்ததும் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பேர் கேட்க மாட்டேன், எந்த ஊர் என்றும் கேட்க மாட்டேன்.

கட்டுரையை முதலில் தமிழிலேயே எழுது, அப்புறம் ஆங்கிலத்துக்குப் போகலாம். மருந்துச் சீட்டுப் பாட்டிகளிலிருந்து தொடங்கி எனக்கு அனுப்பு. ஞாயிறு முதல் புதன் வரை எனக்கு நைட் ஷிப்ட், வியாழன் மதியத்துக்கு மேல் படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.