முதலில் லோடு, அப்புறம் வண்டி

கேள்வி: ஆறு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். கையில் 4 லட்சம் இருக்கிறது. லோன் போட்டுப் புது பிக்கப் எடுத்து டிரைவர் போட்டுவிட்டால், வீட்டில் உட்கார்ந்தபடியே மாதம் 30,000 நிற்கும் என்கிறார் நண்பர். எடுக்கலாமா?
— வாசகர், உடுமலைப்பேட்டை அருகே

பதில்: தம்பி, எடுக்கலாம். ஆனால் நண்பர் சொன்ன மாதிரி எடுக்காதீர்கள். நானும் ஒரு பிக்கப் வைத்து ஓட்டியவன், டிரைவர் போட்டும் பார்த்தேன், நானே ஓட்டியும் பார்த்தேன். அதனால் முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

வண்டி ரோட்டுக்கு வர 11 லட்சம் ஆகிறது என்று வையுங்கள். இரண்டரை லட்சம் கட்டி, மீதி எட்டரை லட்சத்தை 11 சதவீத வட்டியில் 5 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 18,500. தினம் 100 கிலோமீட்டர், மாதம் 24 நாள் ஓடினால் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கணக்கில் டீசல் மட்டும் 17,000 தாண்டும். டிரைவர் சம்பளம் 18,000. இன்சூரன்ஸுக்கு மாதாமாதம் 3,500 எடுத்து வைக்க வேண்டும். டயர், ஆயில், கிளட்ச் எல்லாவற்றுக்கும் 4,000. கூட்டினால் 61,000 வருகிறது. அதாவது வண்டி ஓடும் ஒவ்வொரு நாளும் 2,500 ரூபாய்க்கு மேல் வாடகை வந்தால்தான் கைக்காசு போகாமல் இருக்கும், நண்பர் சொன்ன 30,000 அதற்கு மேல் வர வேண்டிய பணம். நீங்களே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் அந்த 18,000 வீட்டிலேயே தங்கும். முதல் இரண்டு வருடம் நீங்களே ஓட்டுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். எந்த மண்டியில் எவ்வளவு வாடகை, எங்கே காத்திருக்க வைப்பார்கள், யார் பணத்தை இழுத்தடிப்பார்கள் என்பதெல்லாம் ஓட்டினால் மட்டுமே பிடிபடும்.

சரி, லோடு எங்கே? வண்டி புக் பண்ணுவதற்கு முன்னால் இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் பக்கமே தக்காளி இருக்கிறது. ராத்திரியோ விடியற்காலையோ நான்கைந்து தோட்டம் சுற்றிப் பெட்டி ஏற்றி உடுமலை சந்தைக்குக் கொண்டுபோய் இறக்குகிற வேலைக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்று வாடகை. 14 கிலோ பெட்டி 100 ஏற்றினால் 1,400 கிலோ. அதனால் குட்டியானை போதாது, அது முக்கால் டன் வண்டி, ஒன்றரை டன் பிக்கப்தான் சரிப்படும். பெட்டிக்கு 15 ரூபாய் பேசினாலும் காலை ஏழு மணிக்குள் 1,500 கைக்கு வந்துவிடும். ஆனால் தக்காளி விலை சரிந்தால் விவசாயி பறிக்காமல் விட்டுவிடுவார், அன்றைக்கு உங்களுக்கும் வாடகை கிடையாது. ஆகவே தக்காளியை மட்டும் நம்பாமல் பகலுக்கு இன்னொரு வேலையைப் பிடித்து வையுங்கள். காங்கேயம் பக்கம் கொப்பரை, எண்ணெய் ஆலைகள், பல்லடம் பக்கம் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம், முகூர்த்த மாதங்களில் பந்தல் சாமான், பாத்திரம் என்று நிறைய இருக்கிறது. வாடகை பேசும்போது ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி யாருடையது என்பதையும் பேசிவிடுங்கள். இதைப் பேசாமல் போய் 600 ரூபாய் வாடகையில் 300 ரூபாயை இறக்குபவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்த நாள் எனக்கு உண்டு.

ரிட்டர்ன் லோடுதான் உண்மையான லாபம். கோயம்புத்தூருக்குத் தேங்காய் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பினால் போகவர டீசல் இரண்டும் ஒரே வாடகையில் போய்விடும். அங்கே ஹார்டுவேர் கடை, பைப் கடை என்று உங்கள் ஊருக்குச் சரக்கு அனுப்புகிற இரண்டு பேரைப் பழக்கம் பிடித்து, கிளம்புவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுவிடுங்கள், பாதி வாடகைக்காவது ஏற்றி வரலாம். லோடு புக்கிங் ஆப்கள் கோவை, சென்னை மாதிரி நகரத்துக்குள் ஓட்டுகிறவர்களுக்குச் சரி, உங்கள் கிராமத்துக்கு உறவும் பழக்கமும்தான் லோடு தரும்.

4 லட்சத்தையும் முன்பணமாகக் கட்டிவிடாதீர்கள். ஒன்றரை லட்சம் கையில் இருக்கட்டும். மழை மாதத்தில் பத்து நாள் வண்டி நின்றாலும் தவணை நிற்காது.

கேள்வி: மகனிடம் கார் லைசென்ஸ்தான் இருக்கிறது. பிக்கப் ஓட்ட பேட்ஜ், பெர்மிட் எல்லாம் வேண்டுமா? பழைய வண்டி ஒன்று நான்கரை லட்சத்துக்கு வருகிறது, வாங்கலாமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸிலேயே, அதாவது மகனிடம் இருக்கும் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது, பிக்கப் அதற்குள் அடங்கிவிடும். பெர்மிட் என்பது ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இருக்கும் மொத்த எடையைப் பொறுத்தது. சரக்கோடு சேர்த்து 3,000 கிலோவுக்கு மேல் போகாத வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை, அதற்கு மேல் போனால் வேண்டும். எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்று, எப்படியும் உண்டு, எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடா வருடம்.

பழைய வண்டியைப் பகலில் போய்ப் பாருங்கள். மகனைத் தரையில் ஒரு சாக்கு விரித்து அடியில் படுக்கச் சொல்லுங்கள். கேபினுக்குப் பின்னால் சேஸிஸ் சட்டத்தில் வெல்டிங் வைத்த தடமோ, அந்த இடத்தில் மட்டும் புது பெயின்ட்டோ தெரிந்தால் வேண்டாம், திரும்பிவிடுங்கள், ஓவர்லோடு அடித்து ஒடிந்த வண்டி அது. பின் பட்டை (பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் பட்டை ஸ்பிரிங்) காலி வண்டியிலேயே தட்டையாகக் கிடந்தாலும் அதே கதைதான். மீனோ உரமோ ஏற்றின வண்டி என்றால் தரைத்தகடு அடியில் உப்பரித்து உதிரும், சாவியால் சுரண்டினாலே தெரிந்துவிடும். ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா, வரி, இன்சூரன்ஸ், பழைய அபராதம் ஏதும் பாக்கி நிற்கிறதா என்பதையும் ஆன்லைனில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

மகனிடம் இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கல்யாணம், கோயில், கூட்டம் என்று எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் பின்னால் ஆள் ஏற்றக் கூடாது. கவிழ்ந்தால் உயிர் போகும், இன்சூரன்ஸ் கம்பெனியும் கை விரித்துவிடும், அந்தக் குடும்பங்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டி வரும்.

கேள்வி: ஒரு பிக்கப் ஓடுகிறது. கணக்கு எதுவும் எழுதி வைக்கவில்லை. வருமான வரிக்கு என்ன செய்வது?
— வாசகர், ஓசூர்

பதில்: பத்து வண்டி வரை வைத்திருப்பவருக்கு உத்தேச வருமான முறை உண்டு. உங்கள் மாதிரி சின்ன வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம், வருடத்துக்கு 90,000 என்று காட்டிக் கணக்குப் புத்தகம் இல்லாமலே ரிட்டர்ன் போடலாம். அடுத்த வண்டிக்கு லோன் கேட்டுப் போனால் வங்கியில் முதலில் கேட்பது அந்த ரிட்டர்னைத்தான், அதனால் வரி வராவிட்டாலும் இந்த வருடமே போட்டுவிடுங்கள்.