பழைய வாடகை வீடு. எல்லா ஜன்னலையும் சாத்தினாலும் எங்கிருந்தோ குளிர்காற்று வருகிறது. கண்டுபிடித்து அடைப்பது எப்படி?

இரண்டு குளிர்காலம் இதோடு மல்லுக்கட்டியவன் நான். இந்தக் கேள்வியைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

உங்களுக்கும் ஜன்னல் மேல்தான் சந்தேகம் இருக்கும். எனக்கும் அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்தாலே பிடரியில் சில்லென்று இறங்கும். சட்டத்தைச் சுற்றி ஃபோம் டேப், அதன் மேல் இன்னொரு டேப் என்று ஒட்டித் தள்ளினேன். நிற்கவில்லை. ஒற்றைக் கண்ணாடி குளிர்ந்து கிடந்தால் அதை ஒட்டிய அறைக்காற்றே குளிர்ந்து, கனத்துக் கீழே வழியும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஓட்டையே இல்லாத இடத்தில் டேப் என்ன செய்யும்? கனமான திரை போட்டதும் பாதி குறைந்தது.

நிஜமான ஓட்டையைக் காட்டிக்கொடுத்தது ஊதுபத்தி. காற்று பலமாக அடித்த ஒருநாள் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டேன். அது உள்காற்றை வெளியே தள்ளத் தள்ள, வெளிக்காற்று கிடைத்த இடுக்கில் எல்லாம் புகுந்து வரும். (கேஸ் ஹீட்டர் இருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். அதன் புகை வீட்டுக்குள் திரும்பிவிடும்.) ஜன்னலோரம் பத்திப்புகை லேசாகத்தான் ஆடியது. சமையலறை சிங்க்குக்குக் கீழே அலமாரியைத் திறந்தேன், புகை என் முகத்தைப் பார்த்துப் படுத்துவிட்டது! தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் இரண்டு விரல் நுழையும் ஓட்டை. எந்த பிளம்பர் செய்த புண்ணியமோ.

'ஸ்ப்ரே ஃபோம் அடித்தால் ஐந்து நிமிட வேலை' என்று யாராவது வருவார்கள். ஐயா, வாடகை வீடு. அது இறுகினால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கயிறுபோலச் சுருளாக வரும் மெத்து சீலன்ட்டை விரலால் அழுத்தி அடைத்தேன். வேண்டாதபோது உரித்துவிடலாம். வாசல் கதவடிக்குப் பழந்துணிச் சுருள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

காற்றோட்டத்துக்கென்றே வைத்த கிராதியை மட்டும் தொடாதீர்கள், அதுவும் கேஸ் எரிகிற அறையில். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

காலி செய்யும்போது, ஜன்னல் சட்டத்தில் டேப் பசை என்று ஓனர் அட்வான்ஸில் கை வைத்தார். அந்தச் சட்டத்தில் நான் வருவதற்கு முன்பே பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து கிடந்தது. குடிபுகுந்த அன்றே போட்டோ எடுத்து வைக்காதது என் தப்பு. சிங்க்குக்கு அடியில் அடைத்ததை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. உரித்துக் கையோடு கொண்டுவந்திருக்க வேண்டும்.