சமர்ப்பிக்காமல் நின்றுவிடும் குழுக்கள்

மாணவர்களுக்காக நீங்கள் நடத்திய 48 மணி நேர ஆன்லைன் ஹேக்கத்தானில் (குழுவாகச் சேர்ந்து குறுகிய நேரத்தில் மென்பொருள் உருவாக்கும் போட்டி) 40 குழுக்கள் பதிந்து, 11 மட்டுமே தங்கள் படைப்பைச் சமர்ப்பித்ததாக எழுதியிருக்கிறீர்கள். மனம் தளராதீர்கள், இதைச் சரிசெய்யலாம்.

முதல் நாள் இரவே வரைவுச் சமர்ப்பிப்பு ஒன்று கேளுங்கள்: பெயர், இரண்டு வரி விளக்கம், கிட்ஹப் (நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம்) இணைப்பு, போதும். அது வராத குழுவிடம் உடனே ஒரு வழிகாட்டி பேசட்டும். பெரும்பாலும் ஒருவர் கணினியில் ஓடும் நிரல் மற்றவர் கணினியில் ஓடாமல் மணிக்கணக்காகத் திணறிக்கொண்டிருப்பார்கள். மாணவர்களுக்கு உதவி கேட்கக் கூச்சம். நாமே போய்க் கேட்டால் கடகடவென்று சொல்லிவிடுவார்கள்.

டெமோ வீடியோ 2 நிமிடம் போதும். நீளமானது கடைசி நேரத்தில் பதிவேறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்புறம், கெடுவை யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்திலும் போடுங்கள். "நள்ளிரவு 12" என்றால் எந்த நாள் என்று குழம்புவார்கள். தேதியோடு 23:59 என்று எழுதுங்கள்.