அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பரிணாமத்தோடு படைப்புக் கொள்கையையும் சேர்த்துக் கற்பித்தால் என்ன தவறு?

"இரண்டையும் சொல்லிக் கொடுத்துவிட்டு, எது சரி என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டுமே" என்று கேள்விக்குக் கீழே விளக்கமும் எழுதியிருக்கிறீர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அநேகமாக நீங்கள் அமெரிக்கா வந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். பிள்ளை நடுநிலைப் பள்ளியில் இருக்கும். கூடப் படிக்கும் யாரோ எதையோ சொல்ல, அது உங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது பேச்சாகியிருக்கும். தவறாக ஊகித்திருந்தால் மன்னிக்கவும்.

நான் லூசியானாவின் வடபகுதியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். ஊரில் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்து, ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் ஆசிரியையாக வந்தவள். என் பதில்: அறிவியல் வகுப்பில் பரிணாமம் மட்டும்தான்.

உடனே "கம்யூனிஸ்ட்", "நாத்திகவாதி" என்று ஆரம்பிக்க வேண்டாம். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். என் அப்பா வழித் தாத்தா உபதேசியார். ஞாயிறு ஆராதனை தவறவிட்டதில்லை, ஊரில் ஓய்வுநாள் பாடசாலையிலும் பிள்ளைகளுக்கு ஆதியாகமம் (கடவுள் உலகைப் படைத்ததைச் சொல்லும் பைபிளின் முதல் புத்தகம்) சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அங்கே அதைச் சொன்னதிலும் இங்கே இதைச் சொல்வதிலும் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. போப் இரண்டாம் ஜான் பாலே 1996இல் பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். தெற்கு லூசியானா கத்தோலிக்கப் பிள்ளைகள் பலருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. வடக்கே, பாப்டிஸ்ட் சபைகள் அடர்ந்த எங்கள் பக்கத்தில்தான் இது பிரச்சினை.

நீங்கள் சொல்லும் "இரண்டையும்" என்பது புது யோசனை இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நான் வேலை செய்யும் இதே மாநிலத்தில் 1981இல் அதைச் சட்டமாகவே போட்டார்கள். பரிணாமம் நடத்தினால் "படைப்பு அறிவியலும்" நடத்த வேண்டும், அது வேண்டாமென்றால் இதுவும் வேண்டாம் என்பதுதான் சட்டம். 72 நோபல் அறிஞர்கள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மனு கொடுத்தார்கள். 1987இல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் சட்டம் விழுந்தது. ஒரு குறிப்பிட்ட மதக் கருத்தை அரசுச் செலவில் வளர்ப்பதுதான் அதன் நோக்கம், அமெரிக்க அரசியலமைப்பின் முதல் சட்டத் திருத்தம் அதை அனுமதிக்காது என்று தீர்ப்பு வந்தது. பிறகு அதே சரக்கு "அறிவார்ந்த வடிவமைப்பு" (உயிர்களை ஏதோ ஓர் அறிவு வடிவமைத்தது என்ற வாதம்) என்று பெயர் மாற்றி வந்தது. பென்சில்வேனியாவில் டோவர் என்ற ஊரில் பள்ளி வாரியம் அதை நுழைக்கப் பார்த்து 2005இல் வழக்கில் தோற்றது. அவர்கள் பரிந்துரைத்த புத்தகத்தின் பழைய வரைவுகளை நீதிமன்றத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, 1987 தீர்ப்புக்கு முன் "படைப்பு" என்று இருந்த இடத்திலெல்லாம் பின்னால் "வடிவமைப்பு" என்று மாற்றியிருந்தது வெளியே வந்தது. தீர்ப்பெழுதிய நீதிபதி ஜான் ஜோன்ஸ் இடதுசாரி ஆள் ஒன்றும் இல்லை, குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர். வழக்குச் செலவு சுமார் பத்து லட்சம் டாலர் அந்தச் சின்னப் பள்ளி மாவட்டத்தின் தலையில் விழுந்தது.

இன்னொன்று. உங்கள் பெயரைப் பார்த்தால் நீங்கள் கிறிஸ்தவர் இல்லை என்று தோன்றுகிறது. அந்த "இரண்டில்" பிரம்மா இல்லை. திருமாலின் உந்தித் தாமரையும் இல்லை. உலகுக்குச் சில ஆயிரம் வயதுதான் என்று கணக்கிடும் ஒரு பிரிவினரின் ஆதியாகம வாசிப்பு மட்டும்தான் இருந்தது. என் சபைப் போதகரேகூட அந்த வாசிப்பை ஏற்க மாட்டார். எல்லோருடைய படைப்புக் கதையையும் நடத்தலாம் என்றால், அதற்குச் சமூக அறிவியலில் ஒப்பீட்டுச் சமயம் என்று தாராளமாக ஒரு பாடம் வைக்கலாம், நீதிமன்றமும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் உயிரியலில் அதற்கு நான் என்ன கேள்வித்தாள் போடுவது? தவறான பதில் என்று எதை அடிப்பது?

இனி என் வகுப்புக் கதை.

ஒரு சிறிய பாப்டிஸ்ட் சபைப் போதகரின் மகன் எனக்கு மாணவனாக இருந்தான். இயற்கைத் தேர்வு (சூழலுக்குப் பொருந்தியவை அதிகம் பிழைப்பது) என்ற பாடத்தை ஆரம்பித்த அன்றே கை தூக்கினான். "மேம், நீங்க அங்க இருந்தீங்களா?" இது அவன் சொந்தக் கேள்வி இல்லை. கென்டக்கியில் 2007இல் படைப்பு அருங்காட்சியகம் திறந்த கென் ஹாம் பல காலமாகப் பிள்ளைகளிடம் 'ஆசிரியரைப் பார்த்துக் கேளுங்கள்' என்று சொல்லிக் கொடுக்கும் கேள்வி. வகுப்பே என் முகத்தைப் பார்த்தது.

எங்கள் பக்கம் நவம்பர் வந்தால் பாதிப் பையன்களுக்கு மான் வேட்டைதான் பேச்சு. "போன சீசனில் மண்ணில் குளம்புத் தடத்தையும் மரப்பட்டையில் கொம்பு உரசிய அடையாளத்தையும் வைத்துப் பெரிய கிடா வந்து போனது என்று சொன்னாயே, அது நடக்கும்போது நீ அங்கே இருந்தாயா?" என்றேன். சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. "அது வேற, மேம். மான் தடம் பதிக்கிறத நான் வேற நாள்ல பாத்திருக்கேன். ஒரு இனம் இன்னொண்ணா மாறுறத யாரும் பாத்ததில்லையே."

உண்மையைச் சொல்கிறேன், அசந்துபோனேன். ஊரில் நான் நடத்திய வருடங்களில் டார்வின் பாடத்தில் ஒருவர்கூட என்னை மடக்கியதில்லை. எதிர்ப்பு இல்லை என்பதால் அல்ல, யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை என்பதால். ஐந்து மதிப்பெண் வினா, ஒட்டகச்சிவிங்கிக் கழுத்து, லாமார்க்குக்கும் டார்வினுக்கும் வேறுபாடு தருக. மனப்பாடம் செய்து கக்கிவிட்டுப் போவார்கள். இவன் ஒருத்தன்தான் அது உண்மையானால் தன் வீட்டில் எது எது ஆட்டம் காணும் என்று புரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

அடுத்த வகுப்பில் அவனுக்காகவே இரண்டு விஷயம் கொண்டு போனேன். ஒன்று, காலபகோஸில் டாஃப்னி மேஜர் என்ற குட்டித் தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் தம்பதி செய்த வேலை. 1977 வறட்சியில் சின்ன விதைகள் தீர்ந்து கெட்டி விதைகளே மிஞ்சின. பெரிய அலகுள்ள குருவிகள் அதிகம் பிழைத்தன, அடுத்த தலைமுறையின் சராசரி அலகு தடித்தது. அளந்து பார்த்த கணக்கு. "இன்னும் குருவிதானே, மேம்?" என்றான். எதிர்பார்த்ததுதான்.

இரண்டாவது, எண்ணெய். அவன் மாமா மெக்சிகோ வளைகுடாவில் துளையிடும் மேடையில் வேலை செய்கிறவர், வகுப்பில் இன்னும் சிலர் வீடுகளிலும் அப்படித்தான். துளையிடும்போது ஆழத்திலிருந்து பாறைத் தூள் சேற்றோடு மேலே வரும். அதில் ஃபொராமினிஃபெரா என்ற ஒரு செல் உயிரிகளின் ஓடுகள் இருக்கும். பெரும்பாலானவை மணல் பருமன்தான். எந்த அடுக்கில் எந்த இனம் என்ற வரிசை கிணற்றுக்குக் கிணறு மாறாது. மேலே வர வர ஓர் இனம் மறையும், கொஞ்சம் வேறுபட்ட இன்னொன்று தோன்றும். அந்த ஓடுகளை வைத்துத்தான் துளை இப்போது எந்தக் காலத்துப் பாறையில் நிற்கிறது என்று எண்ணெய் கம்பெனிகள் 1920களிலிருந்து கண்டுபிடிக்கின்றன. இந்த மாநிலத்தின் வருமானத்தில் ஒரு பங்கு இந்தக் கணக்கை நம்பித்தான் வருகிறது. உருப்பெருக்கிப் படங்களைக் கையில் கொடுத்து, ஆழத்துக்குத் தக்கபடி அடுக்கச் சொன்னேன். அவன்தான் முதலில் அடுக்கி முடித்தான்.

இந்த இடத்தில் ஒரு மேதாவி வந்து, "பாறை அடுக்கைப் புதைபடிவத்தால் அடையாளம் காணப் பரிணாமமே தேவையில்லை, வில்லியம் ஸ்மித் 1815லேயே அப்படித்தான் இங்கிலாந்தின் நிலவியல் வரைபடம் போட்டார், டார்வின் அப்போது சின்னப் பிள்ளை" என்று எழுதுவார். சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிசை ஏன் அப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு ஆறாயிரம் வருடக் கணக்கும் நோவா காலத்து ஒரே வெள்ளமும் பதில் தராது. நான் அன்று வகுப்பில் வைத்ததும் அந்த ஒரு கேள்வியைத்தான்.

பெற்றோர் சந்திப்பு அன்று அவன் அப்பா வந்தார். கையில் ஒரு டிவிடி. லூசியானாவில் 2008இல் ஒரு சட்டம் வந்தது. பரிணாமம் போன்ற பாடங்களை "விமர்சன நோக்கில்" அலச ஆசிரியர்கள் துணைப் பொருட்கள் பயன்படுத்தலாம் என்கிறது. அந்தச் சட்டத்தைக் காட்டி, டிவிடியை வகுப்பில் போட வேண்டும் என்றார். முதலில் நான் இந்து என்று நினைத்துக்கொண்டு மிகவும் மெதுவாக, பொறுமையாகப் பேசினார். நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள் என்றதும் அவருக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. அந்தச் சட்டத்தை நானும் படித்திருந்தேன். ஆசிரியர் முதலில் பாடநூலில் உள்ளதை நடத்தியாக வேண்டும், அதற்குப் பிறகு துணைப் பொருட்களைப் பயன்படுத்தலாம். "லாம்" என்றுதான் இருக்கிறது, கட்டாயம் இல்லை. மதக் கோட்பாட்டைப் பரப்பக் கூடாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு, "உங்கள் மகன் எதை நம்புகிறான் என்று நான் கேட்க மாட்டேன் ஐயா. கொள்கை என்ன சொல்கிறது, ஆதாரம் என்ன என்பதை மட்டும்தான் கேட்பேன்" என்றேன். டிவிடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபமாகப் போனார் என்று சொல்ல மாட்டேன்.

பையன் தேர்வில் ஒவ்வொரு விடையையும் "விஞ்ஞானிகளின் கூற்றுப்படி" என்று தொடங்கி எழுதினான். ஒன்றுவிடாமல் சரி. முழு மதிப்பெண் போட்டேன்.

என்னைக் கேட்டால் ஆபத்து அந்த அப்பா இல்லை. எங்கள் பள்ளியில் உயிரியலின் இன்னொரு பிரிவை எடுப்பவர் கால்பந்துப் பயிற்சியாளர். (1925இல் டென்னசியில் பரிணாமம் நடத்தியதாக வழக்கில் மாட்டிய ஜான் ஸ்கோப்ஸும் பயிற்சியாளர்தான், அவர் ரகம் வேறு.) நல்ல மனிதர், என் கார் நின்றுபோனபோது தள்ளி விட்டவர். பரிணாமப் பாடத்தை எங்கள் பயிற்சியாளர் ஒவ்வொரு வருடமும் மே மாதக் கடைசிக்குத் தள்ளிவிடுவார். அதற்குள் மாநிலத் தேர்வு முடிந்திருக்கும், பாதிப் பிள்ளைகள் வர மாட்டார்கள், ஒரு வீடியோவோடு முடிந்துவிடும். எதிர்த்துச் சொன்னதும் இல்லை, ஆதரித்துச் சொன்னதும் இல்லை. "எதுக்கு வம்பு" என்பார். இத்தனைக்கும் தன் அணியில் மருந்துக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற கிருமி பரவியபோது உடைமாற்றும் அறை முழுக்க மருந்து தெளித்தவர் அவர்தான். அந்தக் கிருமி மருந்துக்கு அடங்காமல் போனது எப்படி என்பதுதான் அவர் தள்ளிப்போடும் பாடம்.

இவர் தனி ஆள் இல்லை. பெர்க்மன், பிளட்சர் என்ற இரு அரசியல் அறிவியலாளர்கள் அமெரிக்கா முழுவதும் 926 உயிரியல் ஆசிரியர்களிடம் கேட்டு 2011இல் வெளியிட்ட ஆய்வில், பரிணாமத்தை உறுதியாக நடத்துகிறவர்கள் 28 சதவீதம், படைப்பை வெளிப்படையாக ஆதரிப்பவர்கள் 13 சதவீதம். மிச்சம் சுமார் 60 சதவீதம் இரண்டிலும் படாமல் நழுவுகிறவர்கள். பின்னால் வந்த ஆய்வில் நிலைமை தேறியிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பழைய புள்ளிவிவரம் என்று பிடித்துக்கொள்வீர்கள்.

நழுவுகிறவர்களை நான் ஏன் முழுதாகக் குறை சொல்வதில்லை என்றால், எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஜே-1 ஆசிரியருக்கு வேலை வருடத்துக்கு வருடம்தான். பள்ளி முதல்வர் ஒரு கையெழுத்துப் போடாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த மூட்டையைக் கொண்டுவர ஏஜென்சிக்குக் கொடுத்த பணம் இருக்கிறதே, அது தனிக் கதை. வருவதற்கு முன் ஒரு கட்டணம், வந்ததும் ஒன்று, ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் ஒன்று. எதற்கு என்று கேட்டால் "ப்ராசசிங்". வீடு அவர்கள் பார்த்துக் கொடுத்ததுதான். பேருந்தே இல்லாத ஊரில் இறக்கிவிட்டு, பள்ளிக்கு எப்படிப் போவது என்று கேட்டால் கார் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஊரில் நகையை அடகு வைத்து வந்த ஆசிரியைகள் எத்தனையோ பேர். தமிழ்ச் சங்க விழாவுக்குப் போனால் "ஓ, ஸ்கூல் டீச்சரா" என்று பேச்சை முடித்துக்கொள்கிற ஐ.டி. அண்ணாச்சிகள் வேறு. உங்கள் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்க ஆள் கிடைக்காமல்தானே எங்களைக் கூட்டிவருகிறார்கள்?

"இந்தியாவில் மட்டும் என்ன வாழ்கிறது, மத்தியப் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமத்தையே எடுத்துவிட்டதே" என்பவர்களுக்கு: ஆமாம், எடுத்தது. 2023இல் ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். நானும் கண்டிக்கிறேன். கேள்வி அதைப் பற்றியது இல்லை.

உங்கள் பிள்ளைக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. படைப்பை நடத்துகிறார்களா என்று துருவுவதைவிட, பரிணாமப் பாடம் எந்த மாதம் வருகிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். மாநில அறிவியல் பாடத்திட்டம் கல்வித் துறை இணையதளத்திலேயே இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். மரியாதையாக, ஒரு மின்னஞ்சலில் கேட்டால் போதும். எங்கள் பள்ளியில் இதுவரை என்னிடம் பெற்றோர் அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாம் அதை நடத்தாதே என்றுதான் வந்திருக்கின்றன. நடத்து என்று ஒன்று வந்திருந்தால் முதல்வரிடம் காட்டியிருப்பேன்.

ஏஜென்சி பெயர் கேட்டு யாரும் தனிச் செய்தி அனுப்ப வேண்டாம். அடுத்த வருடப் புதுப்பித்தல் இன்னும் வரவில்லை.